தந்தியும் இழையும்

காட்பாடியிலிருந்து திருப்பதிக்கு ரயிலில் சென்ற நேயர்கள், சித்தூரைக் கடந்ததும் பாகாலா என்னும் சந்திப்பைக் கண்டிருப்பார்கள். அங்கே பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று திருப்பதிக்குச் செல்கிறது. மற்றொன்று பீலேர், மதனப்பள்ளி ரோடு, கதிரி வழியாக 220 கிலோமீட்டருக்கும் மேல் வறண்ட குன்றுகளுக்கிடையே ஓடித் தர்மவரத்தை அடைகிறது. ஊர் பெரிதன்று. வண்டி மாறுவதற்கும் காப்பி அருந்துவதற்கும் இறங்கியவர்களே பாகாலாவை மிகுதியாக அறிவார்கள்.

எங்கள் இளமையில் அந்தப் பாதை மீட்டர் கேஜ் பாதை. சாளரத்தின் ஓரத்தில் இடம் கிடைத்த சிறுவனுக்கு வேறு பொழுதுபோக்கு வேண்டியதில்லை. இருப்புப் பாதையை ஒட்டிக் கம்பங்கள் வரிசையாக நிற்கும். கம்பிகள் மெல்ல மெல்லத் தாழ்ந்துகொண்டே வந்து, கம்பம் எதிர்ப்பட்டதும் விருட்டென்று மேலே எழும், மீண்டும் தாழும். மேலே கரிக்குருவிகள் அமர்ந்திருக்கும். இன்று அந்தக் கம்பங்கள் இல்லை. தண்டவாளத்துக்கு மேலே ரயிலை இழுக்கும் மின்கம்பி ஓடுகிறது. செய்தி செல்லும் வழியோ மண்ணுக்குள் மறைந்துவிட்டது. அந்த மறைவுக்குக் காரணமான மாறுதலை, அதாவது உலோகக் கம்பியின் இடத்தைக் கண்ணாடி இழை பெற்ற வரலாற்றை, இந்த ஒரு பாதையை வைத்துக்கொண்டே சொல்லிவிடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

தென்னிந்திய ரயில்வே கம்பெனியார் 1890-களின் தொடக்கத்தில் இந்தப் பாதையை அமைத்தனர். விழுப்புரத்தில் தொடங்கித் திருவண்ணாமலை, வேலூர், காட்பாடி, சித்தூர், பாகாலா என்று அது சென்றது. அன்று சித்தூர், பாகாலாப் பகுதி சென்னை ராஜதானியைச் சேர்ந்த வட ஆர்க்காடு மாவட்டத்தில் அடங்கியிருந்தது. 1911-இல் சித்தூர் தனி மாவட்டமாயிற்று. 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் அமைந்தபோது சித்தூர் அங்கே சேர்ந்தது. 1960-இல் திருத்தணி முதலிய பகுதிகள் சென்னை மாநிலத்துக்குத் திரும்பின. 2022-இல் மாவட்டங்கள் மறுபடியும் பிரிக்கப்பட்டபோது பாகாலா திருப்பதி மாவட்டத்தின் பங்காயிற்று. இவ்வாறு ஊரை விட்டு ஒருநாளும் வெளியேறாத பல தமிழ்க் குடும்பங்கள், இருந்த இடத்திலிருந்தே வேற்று மாநிலத்தவராயின. நான் பிறந்த குடும்பமும் அவற்றுள் ஒன்று. நானோ பின்னர்த் தில்லியில் மொழிபெயர்ப்பு உத்தியோகம் பெற்று உண்மையாகவே ஊரை விட்டு வந்தவன். வீட்டாரின் குரலைக் கம்பியின் வழியே கேட்டு வாழும் நேயர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் முதலில் ஒரு சொல்லைப் பற்றிக் கூற வேண்டும். தந்தி என்பது வீணையின் நரம்பு. மின்சாரத்தால் செய்தி அனுப்பும் கம்பியைக் கண்ட நம் முன்னோர், அதற்கு அந்த நரம்பின் பெயரையே இட்டார்கள். பின்னர்க் கம்பியின் பெயர் அதில் வரும் செய்திக்கும் ஆகி, ‘தந்தி வந்தது’ என்றால் வீடே நடுங்கும் நிலை ஏற்பட்டது. இப்போது வந்திருக்கும் கண்ணாடிக்கு இழை என்று பெயர். இது தறியில் ஓடும் நூலின் பெயர். நகரி, புத்தூர் நெசவாளர்கள் நாள்தோறும் வழங்கும் சொல். அலுவலகங்களில் ‘ஒளியிழை வடம்’ என்று எழுதுகிறோம். இழை என்றாலே போதுமானது.

செம்புக் கம்பி என்று பொதுவாகச் சொல்கிறோமே தவிர, இந்நாட்டின் முதல் தந்திப் பாதை செம்பால் ஆனதன்று, இரும்பால் ஆனது. வில்லியம் ஓ’ஷாஹ்னசி என்ற வைத்தியர் கல்கத்தாவுக்கும் டயமண்டு ஹார்பருக்கும் இடையே சோதனைப் பாதை அமைத்து வெற்றி கண்டார். 1853 நவம்பரில் பெரிய வேலை தொடங்கியது. 1855-க்குள் கல்கத்தா, ஆக்ரா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்களை ஏறத்தாழ 4,000 மைல் நீளமுள்ள பாதை இணைத்துவிட்டது. அவர் தேர்ந்தெடுத்தது பருமனான இரும்புக் கம்பி. குரங்குகள் தொங்கினாலும், யானை உரசினாலும், புயல் அடித்தாலும் அறுந்துவிடாமல் தாங்க வேண்டும் என்பது அவர் கருத்து. கிடைத்த மரமே கம்பமாயிற்று. மரம் அரிதாயிருந்த பெங்களூர்ப் பக்கத்தில் கருங்கல் தூண்களே நாட்டப்பட்டன.

தந்திக்கு இரும்பு போதும். ஏனெனில் அது கட்டு, கடா என்ற இரண்டு ஒலிகளைத்தான் சுமக்கிறது. மனிதக் குரலைச் சுமக்க இரும்பால் இயலவில்லை. இரும்பைக் காட்டிலும் செம்பு ஏறத்தாழ 6 மடங்கு எளிதாக மின்சாரத்தைக் கடத்தும். ஆகவே 1881-82-இல் பம்பாய், கல்கத்தா, சென்னை நகரங்களுக்குத் தொலைபேசி வந்து, பிறகு அது ஊர் விட்டு ஊர் பேசும் சாதனமாக வளர்ந்தபோது, செம்பின் ஆட்சி தொடங்கியது. கடலுக்கடியில் செம்பு அதற்கும் முன்னரே போய்விட்டது. 1870-71-இல் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குத் தந்திக் கேபிள் இடப்பட்டது. உள்ளே செம்பு; அதைச் சுற்றிலும் மலாய் நாட்டு மரமொன்றின் பால் உறைந்த பிசின். அந்த ஆண்டுகளில் கப்பலேறிய தமிழர்கள் பலருக்குத் தாம் போகும் கடலின் அடியில் அப்படி ஒரு கயிறு கிடப்பதே தெரிந்திருக்காது. 2002-இல் அதே சென்னைக்கும் அதே சிங்கப்பூருக்கும் இடையே ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர் நீளத்தில் கண்ணாடி இழைக் கேபிள் இடப்பட்டது. இரு முனைகளும் மாறவில்லை. நடுவிலுள்ள பொருள்தான் மாறியது.

பாகாலாவுக்குத் திரும்புவோம். என் தந்தையார் ரயில்வே ஊழியர். நிலைய அதிகாரியின் அறையில் இருந்த கட்டுப்பாட்டுத் தொலைபேசி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒரு பிரிவிலுள்ள எல்லா நிலையங்களும் ஒரே இணைக் கம்பியில் தொங்கிக்கொண்டிருக்கும். கட்டுப்பாட்டு அலுவலர் வேண்டிய நிலையத்தின் மணியை மட்டும் அடிப்பார். ஆனால் கருவியைக் காதில் வைத்தால் எல்லோர் பேச்சும் எல்லோருக்கும் கேட்கும். எந்த நிலையத்தில் எந்தச் சரக்கு வண்டி நிற்கிறது, யாருக்கு விடுப்பு மறுக்கப்பட்டது என்பதெல்லாம் அந்தக் கம்பியில் இரகசியமில்லை. ஒற்றைப் பாதையில் இரண்டு வண்டிகள் எதிரெதிரே வந்துவிடாதபடி காத்ததும் கம்பிதான். அடுத்த நிலையம் மின்சாரத்தால் அனுமதி அளித்தாலன்றிப் பெட்டியிலிருந்து டோக்கன் வெளிவராது. டோக்கனின்றி ஓட்டுநர் வண்டியை எடுக்க மாட்டார்.

இத்தனை பொறுப்பைச் சுமந்த கம்பிக்கு மூன்று பகைகள் இருந்தன. முதலாவது திருட்டு. செம்புக்குக் கடையில் விலை உண்டு. ஓர் இரவில் அறுத்தெடுத்த கம்பியால் ஒரு பிரிவு முழுவதும் ஊமையாகிவிடும். இதற்கஞ்சிப் பல இடங்களில் எஃகுக் கம்பியைச் சுற்றி அலுமினியம் முறுக்கிய கம்பியை மாட்டினார்கள். இரண்டாவது இடியும் மழையும். மூன்றாவது பகையை ரயில்வேயே வரவழைத்துக்கொண்டது. 1957-இல் நம் ரயில்வே 25,000 வோல்ட் மாறுமின்சார முறையை ஏற்றுக்கொண்டது. அவ்வளவு வலிய மின்சாரம் மேலே ஓடினால், பக்கத்தில் இணையாகச் செல்லும் உலோகக் கம்பியில் தானாகவே மின்சாரம் தூண்டப்படும், பேச்சு இரைச்சலாகும், தொடுபவருக்கு ஆபத்தும் உண்டு. ஆகவே பாதைகள் மின்மயமாக மின்மயமாக, கம்பங்கள் வீழ்ந்தன. கம்பிகள் உறையிட்ட கேபிளாகி மண்ணுக்குள் சென்றன. நான் எண்ணி விளையாடிய கம்பங்கள் இக்காரணத்தாலேயே மறைந்தன. கண்ணாடிக்கோ இந்தத் தொல்லையே இல்லை. மின்சாரத்தைக் கடத்தாத பொருளில் மின்சாரம் எவ்வாறு தூண்டப்படும்? திருடனுக்கும் அதனால் ஆதாயமில்லை. செம்பு என்று எண்ணி வெட்டிப் பார்த்து ஏமாந்து போகிறவர்கள் செய்யும் சேதம் வேறு கதை.

கண்ணாடிக்குள் ஒளியை அனுப்பும் எண்ணம் பழையது. தொலைபேசியைக் கண்ட கிரகாம் பெல்லே 1880-இல் வெயிலின் கதிரில் குரலை ஏற்றி அனுப்பிக் காட்டினார். ஆனால் மேகம் மறைத்தால் பேச்சு நின்றுவிடும். ஒளிக்கு ஒரு குழாய் தேவைப்பட்டது. பஞ்சாபில் மோகா என்னும் ஊரில் 1926-இல் பிறந்த நரீந்தர் சிங் கபானி, லண்டனில் ஆராய்ச்சி செய்து, வளைந்த கண்ணாடி இழைக் கற்றையின் வழியாகப் படத்தையே அனுப்பலாம் என்று 1954-இல் தம் ஆசிரியர் ஹாப்கின்ஸுடன் சேர்ந்து உலகுக்கு அறிவித்தார். ஆயினும் அக்காலத்துக் கண்ணாடி சில மீட்டர்களுக்குள் ஒளியை விழுங்கிவிடும். 1966-இல் சார்லஸ் காவ் என்ற சீன விஞ்ஞானி, இங்கிலாந்தில் ஹாக்கமுடன் எழுதிய கட்டுரையில், குறை கண்ணாடியில் இல்லை, அதில் கலந்துள்ள அழுக்கில்தான் என்று கூறினார். ஒரு கிலோமீட்டர் சென்றபின் நூற்றில் ஒரு பங்கு ஒளி மிஞ்சினால் போதும், தொலைபேசிக்கு அது உதவும் என்பது அவர் வைத்த எல்லை. 1970-இல் அமெரிக்காவில் கார்னிங் கம்பெனியின் விஞ்ஞானிகள் அந்த எல்லையை எட்டினார்கள். ஒன்பதே ஆண்டுகளில், 1979-இல், புனே நகரில் தொலைபேசி நிலையங்களுக்கிடையே நம் நாட்டின் முதல் இழைப்பாதை வேலை செய்யத் தொடங்கியது. காவுக்கு 2009-இல் நோபல் பரிசு கிடைத்தது, கபானிக்குக் கிடைக்கவில்லை. அவர் 2020-இல் காலமான பிறகு 2021-இல் நம் அரசு பத்ம விபூஷண் அளித்தது. இன்னும் சிறிது முன்னதாக நினைத்திருக்கலாம்.

நூற்றில் ஒரு பங்கு என்ற அந்த எல்லையையே அளவுகோலாக வைத்துச் செம்பையும் கண்ணாடியையும் இப்போது ஒப்பிடுவோம். வீட்டுத் தொலைபேசிக்கு வரும் செப்புக் கம்பி அரை மில்லிமீட்டர் பருமன் உள்ளது. மனிதக் குரலின் அதிர்வு குறைவானது. அதை அக்கம்பி சில கிலோமீட்டர் தூரம் சிரமமின்றிக் கொண்டு செல்லும். இணையச் செய்தியோ விநாடிக்குப் பத்து லட்சம் அதிர்வுகளையும் தாண்டி ஏறுகிறது. அந்த அதிர்வில் ஒரு கிலோமீட்டர் செல்வதற்குள் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். பாகாலா நிலையத்தில் ஏற்றிய செய்தி, ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் சோர்ந்துவிடும் என்று சொல்லலாம். இன்றைய நல்ல கண்ணாடி இழையில் ஒரு கிலோமீட்டருக்கு 100-இல் 95 பங்கு மிஞ்சுகிறது. நூற்றில் ஒரு பங்காகக் குறைவதற்கு அது 100 கிலோமீட்டர் ஓட வேண்டும். திருப்பதியில் ஏற்றிய ஒளி, ஒட்டுக்களில் நேரும் சிறு இழப்பை நீக்கிக் கணக்கிட்டால், இடையே யாருடைய உதவியும் இன்றி, பாகாலாவையும் சித்தூரையும் கடந்து காட்பாடியை நெருங்கும்போதுதான் அந்த நிலைக்கு வரும். ஒளி செல்லும் உள்வழியின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை என்பதையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் நீக்கிவிடுவது நல்லது. ஒளி மிக வேகமானது, ஆகையால் இழையில் செய்தி முந்திச் சேருகிறது என்று படித்தவர்களே கூறக் கேட்டிருக்கிறேன். அப்படியன்று. கண்ணாடிக்குள் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. செம்பில் மின் குறிப்பும் ஏறக்குறைய அதே வேகத்தில்தான் செல்கிறது. இரண்டும் ஒரே வேகத்தில் ஓடும் வண்டிகள். ஒன்றில் நாலு பேர் ஏறலாம். மற்றொன்றில் ஊரே ஏறலாம். வேறுபாடு அதுதான்.

செம்பில் இணையம் வந்த காலத்தை நேயர்களில் பலர் மறந்திருக்க மாட்டார்கள். அதற்கு முன்னரோ, இரவு 11 மணிக்கு மேல் கால் பங்கு கட்டணம் என்பதற்காக எஸ்.டி.டி. சாவடியின் வாசலில் வரிசையில் நின்று, ஓடும் சிவப்பு எண்களைப் பார்த்தபடியே நலம் விசாரித்த காலம். 1995 ஆகஸ்டு 15-ஆம் நாள் தில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை நகரங்களில் பொதுமக்களுக்கு இணையம் கிடைத்தது. வேகம் விநாடிக்கு 9,600 பிட். பின்னர் 56,000 பிட் வரை உயர்ந்தது. 2004-இல் அரசு அகன்ற அலைவரிசைக்கு வகுத்த குறைந்த அளவு விநாடிக்கு 256 கிலோபிட். பழைய தொலைபேசிக் கம்பியிலேயே குரலுக்கு மேலுள்ள அதிர்வுகளைப் பயன்படுத்தி இது கொடுக்கப்பட்டது. தொலைபேசி நிலையத்துக்கு அடுத்த வீட்டுக்காரருக்கு 24 மெகாபிட் வரை கிடைக்கக்கூடிய அதே முறையில், ஐந்து கிலோமீட்டருக்கு அப்பாலிருப்பவருக்கு ஒன்றோ இரண்டோ கிடைப்பது அரிது. செம்பின் நீதி இது: நிலையத்துக்கு அருகில் வாழ்பவனுக்கு மிகுதி, எல்லையில் வாழ்பவனுக்குக் குறைவு.

இழையின் முறை வேறு. ஓர் இழை நிலையத்திலிருந்து புறப்பட்டு, வழியில் மின்சாரம் வேண்டாத ஒரு சிறு கண்ணாடிப் பிரிப்பானில் 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிகிறது. வீடு 20 கிலோமீட்டருக்குள் எங்கே இருந்தாலும் பெரும்பாலும் ஒரே அளவு. எல்லா வீட்டுக்கும் உரிய செய்தி எல்லா வீட்டுக்கும் போகிறது. ஒவ்வொரு வீட்டுப் பெட்டியும் தனக்குரியதை மட்டும் பூட்டுத் திறந்து எடுத்துக்கொள்கிறது. இதை முதன்முறை படித்தபோது நிலைய அதிகாரியின் அறையிலிருந்த கட்டுப்பாட்டுத் தொலைபேசிதான் என் நினைவுக்கு வந்தது. அதே ஏற்பாடுதான், விடுப்பு மறுக்கப்பட்ட செய்தி மட்டும் இப்போது அடுத்த நிலையத்துக்குக் கேட்பதில்லை.

இழையைக் கிராமங்களுக்குக் கொண்டுசெல்ல 2011-இல் மத்திய அரசு ஒரு பெருந்திட்டத்தை ஏற்றது; இன்று அதன் பெயர் பாரத்நெட். பள்ளம் தோண்டுவதிலும் அனுமதி பெறுவதிலும் காலம் கழிந்தது. ஆந்திரப் பிரதேச அரசு வேறு வழியை நாடியது. மின்வாரியத்தின் கம்பங்கள்தாம் ஊர்தோறும் நிற்கின்றனவே, அவற்றிலேயே இழையைக் கட்டினால் என்ன என்று துணிந்தது. 2017 டிசம்பரில் குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் அத்திட்டத்தைத் தொடங்கிவைத்தார். ஏறத்தாழ 24,000 கிலோமீட்டர் இழை கம்பங்களின் மேல் ஏறியது. தொடக்கத்தில் மாதம் 149 ரூபாய்க்கு இணையமும் தொலைக்காட்சியும் தொலைபேசியும் சேர்த்துக் கொடுத்தார்கள். அண்மையில் நின்ற மரத்திலெல்லாம் கம்பியை மாட்டிய ஓ’ஷாஹ்னசி இதைக் கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பார். விரைவுக்கு விலையும் உண்டு. கம்பம் சாய்ந்தால் விளக்கும் அணையும், இணையமும் நிற்கும். இரண்டு துன்பங்கள் ஒரே நேரத்தில் வரும்.

செம்புக்காக நான் பரிந்து பேச வேண்டிய இடம் இதுவே. பழைய தொலைபேசிக்கு வேண்டிய மின்சாரத்தை, 48 வோல்ட் அளவில், நிலையத்திலிருந்தே கம்பி சுமந்து வந்தது. அங்கே வரிசையாக மின்கலங்கள் இருந்தன. ஊர் முழுவதும் இருண்டிருந்தாலும் வீட்டில் மணி அடிக்கும். இழை ஒளியைத்தான் சுமக்கும்; தன் பெட்டிக்கு உணவைச் சுமக்காது. பெட்டிக்கு வீட்டு மின்சாரம் வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கார்த்திகை மாதம், பெருமழையில் எங்கள் ஊரில் இரண்டு நாள் மின்சாரம் இல்லை. தாயார் தனியே இருந்தார். அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் செப்புக் கம்பியை நீக்கிவிட்டு இழை இணைப்புப் பெற்றிருந்தோம். முகம் பார்த்துப் பேசலாம் என்று நானே வற்புறுத்திச் செய்த ஏற்பாடு அது. கைபேசிக் கோபுரமும் முதல் இரவோடு ஓய்ந்தது. தில்லியிலிருந்து நான் அழைத்துக்கொண்டே இருந்தேன். மூன்றாம் நாள் காலையில் அம்மா பேசினார். “போன் வரலேன்னு கவலைப்பட்டியா? பழைய போன் இருந்திருந்தா அடிச்சிருக்கும்” என்றார். நான் மறுமொழி சொல்லவில்லை. அடுத்த வாரம் அந்தப் பெட்டிக்கென்று ஒரு சிறு மின்கலம் வாங்கி அனுப்பினேன். இழை இணைப்பு வைத்திருக்கும் நேயர்கள், தம் ஊரில் தனியே வாழும் முதியோர் வீட்டில் அத்தகைய மின்கலம் இருக்கிறதா என்று விசாரிப்பது நலம், விலை அதிகமில்லை.

ஆயினும் பழைய கம்பியை நினைத்து ஏங்குவதற்கில்லை. அந்தமானில் வாழும் நம்மவரைக் கேட்டால் தெரியும். 2020 ஆகஸ்டு 10-ஆம் நாள் சென்னையிலிருந்து 2,312 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடி இழை அத்தீவுகளுக்குத் திறந்துவைக்கப்படும் வரையில், அவர்கள் செயற்கைக்கோளையே நம்பியிருந்தார்கள். ஒரு படம் இறங்கக் காத்துக் கிடந்தார்கள். அவர்களுக்குச் செம்பு செய்யாததை இழை செய்தது.

ரயில்வேயும் இழையின் அருமையை நன்கு அறிந்தது. 2000-இல் ரெயில்டெல் என்ற நிறுவனத்தை அமைத்துத் தண்டவாளங்களை ஒட்டி 60,000 கிலோமீட்டருக்கும் மேல் இழை பதித்திருக்கிறது. ஆனால் மின்மயமான பாதைகளில் பள்ளம் தோண்டும்போது, 24 இழைகள் கொண்ட கேபிளுக்குத் துணையாக, நான்கு நான்காக முறுக்கிய செம்புக் கம்பிகள் கொண்ட கேபிளையும் அதே பள்ளத்தில் இடுவது அவர்கள் வழக்கம். நிலையங்களுக்கிடையே செல்லும் பெருஞ்செய்தி இழையில் போகிறது. செம்பிலிருந்து வழியெங்கும் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டருக்கு ஒன்றாக அவசரத் தொலைபேசிக்கான துளைகள் எடுத்திருக்கிறார்கள். நள்ளிரவில் குன்றுகளுக்கு நடுவே வண்டி நின்றுவிட்டால், கார்டு கைத்தொலைபேசிப் பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கி, அந்தத் துளையில் செருகிக் கட்டுப்பாட்டு அலுவலரை அழைக்கலாம்.